தகுதி என்னும் இடக்கரடக்கல்

சில மாதங்களாக நம் ஆய்வாளர் வட்டத்தில் ஒரு வாதம் திரும்பத் திரும்பப் பகிரப்படுகிறது. அமெரிக்க மாணவர்கள் இளநிலைப் படிப்புக்காகப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களை நோக்கித் திரள்கிறார்கள். அமெரிக்காவின் 'முழுமைநோக்கு'ச் சேர்க்கைமுறை சீரழிந்துவிட்டதே அதற்குக் காரணம். பாட அறிவையும் மதிப்பெண்ணையும் மட்டும் பார்க்கும் பிரிட்டிஷ் முறையில் தகுதி இன்னும் உயிரோடிருக்கிறது. ஆகவே இந்தியாவிலும் ஒற்றை நுழைவுத்தேர்வே நேர்மையான வழி. பாஸ்டனில் புறப்பட்டு ஆக்ஸ்ஃபோர்டு வழியாக டெல்லியில் வந்து இறங்கும் இந்த வாதத்தில் முதற்படி ஒன்றுதான் உறுதியானது. மற்றவை அந்தரத்தில் நிற்கின்றன.

முதற்படியையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். பிரிட்டனின் பொதுச் சேர்க்கை விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக 2025 ஜூன் 30 வரை விண்ணப்பித்த அமெரிக்கர்கள் ஏறத்தாழ 7,900 பேர். முந்தைய ஆண்டைவிட இது ஏறக்குறைய 14 விழுக்காடு அதிகம். 2006 முதலான பதிவுகளில் இதுவே உச்சம். வளர்ச்சி உண்மை. ஆனால் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் கல்லூரி புகும் ஒரு நாட்டில் எட்டாயிரத்துக்கும் குறைவானோர் அயல்நாட்டுக்கு விண்ணப்பிப்பதைத் 'திரள்' என்பது மிகை. இதை ஓர் இடப்பெயர்வாகப் பார்ப்பதைவிட, அந்த எட்டாயிரம் பேர் யார் என்று கேட்பதே பயன்தரும். வாதத்தைப் பகிர்ந்த எவரும் அதைக் கேட்கவில்லை.

பிரிட்டிஷ் முறையின் நியாயமான பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யூகாஸில் ஒரு மாணவர் அதிகபட்சம் ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், மருத்துவத்துக்கு நான்கு. பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விண்ணப்பிக்க இயலாது, குறிப்பிட்ட பாடத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். ஐந்துக்கும் ஒரே தன்விளக்க அறிக்கை. இடைவெளியும் சேர்த்து 4,000 எழுத்துக்குறிகள். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று வினாக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பாடம் ஏன், இதுவரையான படிப்பு உன்னை எவ்வாறு ஆயத்தப்படுத்தியது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்பவையே கேள்விகள். அமெரிக்கக் காமன் ஆப் விண்ணப்பமோ இருபது கல்லூரிகள் வரை அனுமதிக்கிறது. 650 சொற்களில் ஒரு வாழ்க்கைக் கதையைக் கேட்கிறது. பல கல்லூரிகள் அதன்மேல் தத்தம் துணைக்கட்டுரைகளையும் கேட்கின்றன. பதினேழு வயதுப் பிள்ளை தன் பாட்டியின் மரணத்தையோ தன் உடற்குறையையோ விற்பனைப் பொருளாக்கக் கற்றுக்கொள்ளும் இந்த வழக்கத்தின்மேல் எனக்கு எந்த மரியாதையும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் நேர்காணல் செய்வோர் அப்பாடத்தைப் பயிற்றும் ஆசிரியர்களே. தான் கற்பிக்கப்போகும் மாணவரைத் தானே தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் என்ற ஏற்பாடு அமெரிக்கச் சேர்க்கை அலுவலகங்களின் தொழில்முறைத் தேர்வாளர்களைவிட மேலானது என்றே கருதுகிறேன்.

அமெரிக்க முறையின் பிறப்பும் பெருமைக்குரியதன்று. ஜெரோம் காரபெல் 2005இல் வெளியிட்ட 'தி சோசன்' நூல் அதை விரிவாக ஆவணப்படுத்தியிருக்கிறது. 1920களில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றில் நுழைவுத்தேர்வில் வென்று வந்த யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கவே 'குணநலன்', 'ஆளுமை' என்ற அளவுகோல்கள் புகுத்தப்பட்டன. முன்னாள் மாணவரின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, பயிற்றுநருக்குக் கையூட்டு கொடுத்துப் போலி விளையாட்டு வீரராக நுழைந்த 2019ஆம் ஆண்டின் வார்சிட்டி புளூஸ் மோசடி எல்லாம் அந்த மரத்தில் காய்த்தவையே. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனத்தைக் கருத்தில் கொள்ளும் சேர்க்கையை நிறுத்தியது. வாரிசு முன்னுரிமையோ அத்தீர்ப்பால் தொடப்படவில்லை. இதைக் கண்டு வெறுத்து ஒரு மாணவர் கடல் கடந்தால் அவரை நான் குறைசொல்லமாட்டேன்.

ஆனால் பிரிட்டிஷ் வாயிலில் அவரிடம் கேட்கப்படுவது என்ன?

அமெரிக்க உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழை மட்டும் வைத்து முன்னணிப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பலவும் இடம் தருவதில்லை. பிரிட்டனின் ஏ லெவல் தேர்வுக்கு ஈடாக அவை எதிர்பார்ப்பது காலேஜ் போர்டு நடத்தும் ஏபி தேர்வுகளை. கல்லூரி நிலைப் பாடங்களைப் பள்ளியிலேயே பயின்று எழுதும் இத்தேர்வுகளில் மதிப்பீடு 1 முதல் 5 வரை. ஆக்ஸ்ஃபோர்டு வழக்கமாக நான்கு பாடங்களில் 5 கேட்கிறது. மூன்றுதான் இருக்கிறதென்றால் சாட் அல்லது ஏசிடி தேர்வில் உயர்ந்த மதிப்பெண் துணைக்கு வேண்டும். கேம்பிரிட்ஜ் இன்னும் கடுமையானது. பாடத்துக்குப் பொருந்தும் ஏபிகளே கணக்கில் வரும்.

இது 'தூய' பாட அறிவின் அளவுகோல் போலத் தோன்றுகிறது. ஆனால் ஏபி என்பது எல்லாப் பள்ளிகளிலும் கிடைக்கும் பொதுத்தேர்வு அன்று. புறநகர்ப் பகுதியின் செல்வமிக்க பள்ளி இருபதுக்கும் மேற்பட்ட ஏபி பாடங்களைக் கற்பிக்கும். ஊரகப் பள்ளி ஒன்றிரண்டைக் கற்பித்தாலே பெரிது. இயற்பியலுக்கும் கால்குலஸுக்கும் ஆசிரியர் இல்லாத பள்ளிகள் உண்டு. தேர்வுக் கட்டணம் பாடமொன்றுக்கு ஏறக்குறைய 100 டாலர். ஏழை மாணவருக்குச் சலுகை இருக்கிறது. கற்பிக்காத பாடத்துக்குச் சலுகை கொடுத்து என்ன பயன்?

நாட்காட்டி இன்னும் கொடியது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கான கடைசி நாள் அக்டோபர் 15, அதாவது பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கம். பத்தாம், பதினோராம் வகுப்புகளிலேயே தேவையான ஏபிகளை முடித்து 5 வாங்கியவருக்கு நிபந்தனையற்ற இடம் கிடைக்கக்கூடும். முடிக்காதவருக்கு நிபந்தனை இடம்தான்: மே மாதத்தில் தேர்வு, ஜூலையில் முடிவு. இடையில் மே 1 வருகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் இடத்தை உறுதிசெய்து வைப்புத்தொகை கட்ட வேண்டிய வழக்கமான நாள் அது. வசதியுள்ள குடும்பம் உள்நாட்டுக் கல்லூரி ஒன்றில் அத்தொகையைக் கட்டிவிட்டு, ஜூலையில் பிரிட்டன் உறுதியானால் அதைத் துறந்துவிடும். சில நூறு டாலரை இழக்க இயலாத குடும்பம், மே மாதத்திலேயே இரண்டில் ஒன்றைப் பணயம் வைக்க வேண்டும். எந்தத் தேர்வுத்தாளிலும் இடம்பெறாத இந்தத் தேர்வில் முதலில் தோற்பவர் யாரென்று விளக்க வேண்டியதில்லை.

யூகாஸ் விண்ணப்பத்துக்குப் பள்ளியிலிருந்து ஒரு பரிந்துரையும் எதிர்பார்ப்பு மதிப்பெண்களும் வேண்டும். மாணவர் பாடத்தில் எப்படி என்று ஆசிரியர் எழுத வேண்டும். மே மாதத்தில் 5 வாங்குவாரா என்று அக்டோபரிலேயே கணித்துச் சொல்ல வேண்டும். இந்த வழக்கம் அமெரிக்கப் பள்ளிக்கு அந்நியம். 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை; நாடுதழுவிய சராசரியோ அதைவிட நூற்றுக்கும் மேல் கூடுதல். அந்த ஆலோசகர் யூகாஸ் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பதே நற்பேறு. எனவே இரண்டு வகை மாணவருக்கே இவ்வழி எளிதாகிறது: பிரிட்டனுக்கு விண்ணப்பிப்போரை ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய தனியார் பள்ளி மாணவருக்கும், தனி ஆலோசகரை அமர்த்திக்கொள்ளும் குடும்பத்து மாணவருக்கும்.

இந்த இடத்தில் நம் நண்பர்கள் அறியாத, அல்லது அறிந்தும் சொல்லாத, ஒரு செய்தி இருக்கிறது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவை என்பதே தவறு. பின்தங்கிய பகுதியில் வாழ்பவர், பள்ளியில் இலவச உணவு பெற்றவர், அரசுக் காப்பில் வளர்ந்தவர் ஆகியோருக்குக் குறைந்த மதிப்பெண்ணில் இடம் தரும் சூழல்சார் சேர்க்கை அங்கே பரவலாக இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும்: இங்கிலாந்தின் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய 7 விழுக்காட்டினரே தனியார் பள்ளிகளில் பயில்கிறார்கள், ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் சேரும் உள்நாட்டு மாணவரில் அவர்களின் பங்கோ ஏறக்குறைய 30 விழுக்காடு. ஆனால் இந்தச் சூழல்சார் கருணை பெரும்பாலும் பிரிட்டனில் வாழும் மாணவரோடு நின்றுவிடுகிறது. மிசிசிப்பியின் ஏழைப் பள்ளியிலிருந்து மூன்று ஏபியில் 4 வாங்கி வருபவரின் அஞ்சல் குறியீட்டை அங்கே யாரும் தேடிப் பார்ப்பதில்லை. ஆக, தன் பிள்ளைகளுக்குச் சூழலையும் அயலாருக்கு வெறும் எண்ணையும் அளவுகோலாக வைத்திருக்கும் முறை இது. அயலாருக்கான பாதியை மட்டும் பெயர்த்தெடுத்து நமக்கு இறக்குமதி செய்யச் சொல்கிறார்கள்.

மொழியியல் பயின்றவருக்கு இங்கே இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. பள்ளியில் கற்பிக்கப்படாத துறைகளின் கதி என்ன? அமெரிக்கக் கல்லூரியில் ஒரு மாணவர் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டின் முடிவுக்குள் முதன்மைப் பாடத்தை அறிவித்தால் போதும். மொழியியலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு விருப்பப் பாடத்தில் தற்செயலாக ஒலியனியலைச் சந்தித்து அதிலேயே தங்கிவிட்டவர்கள். யூகாஸ் பதினேழு வயதில் 'ஏன் மொழியியல்' என்று கேட்கிறது. அதற்கு விடை எழுத, அந்தத் துறை இருப்பதை முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். மொழியியல் ஒலிம்பியாடு நடத்தும் பள்ளியிலோ, புத்தக அலமாரி உள்ள வீட்டிலோ பிறந்திருக்க வேண்டும். 'பாடத்தின்மேல் ஆர்வம்' என்பது பிறவிக்குணம் போலப் பேசப்படுகிறது. அதற்கும் வீட்டு முகவரி உண்டு. (ஸ்காட்லாந்தில் படிப்பு நான்காண்டு, முதலிரு ஆண்டுகளில் வேறு பாடங்களையும் தொட்டுப்பார்க்க இடம் இருக்கிறது. அமெரிக்கர்கள் செயின்ட் ஆண்ட்ரூஸையும் எடின்பரோவையும் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். அங்குள்ள தொன்மையான பல்கலைக்கழகங்கள் கலைப்புலத்தில் தரும் முதற்பட்டத்தின் பெயர் 'எம்.ஏ.' என்பதால், அதை முதுகலை என்று மொழிபெயர்த்து ஏமாந்தோர் நம்மிடையேயும் இருக்கிறார்கள்.)

இப்போது பணத்துக்கு வருவோம். வாதத்தின் முதுகெலும்பு முறிவது இங்கேதான்.

1962ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பிரிட்டிஷ் மாணவரின் கட்டணத்தைப் பொதுப்பணமே செலுத்தியது. 1967இல் முதன்முறையாக அயல்நாட்டவருக்குத் தனிக் கட்டணம் வந்தது: உள்நாட்டவருக்கு 70 பவுண்டு என்றால் அயலாருக்கு 250. மார்கரெட் தாட்சர் அரசு 1980இலிருந்து அயல்நாட்டு மாணவர் முழுச்செலவையும் ஏற்க வேண்டும் என்றது. உள்நாட்டவருக்கு 1998இல் 1,000 பவுண்டு, 2006இல் 3,000, 2012இல் 9,000, 2017இல் 9,250 என்று ஏறிய இங்கிலாந்தின் உச்சவரம்பு, பல ஆண்டு உறைநிலைக்குப் பின் 2025இல் 9,535 ஆயிற்று. அயலாருக்கு உச்சவரம்பே கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் எந்தப் பாடத்துக்கும் அயலார் கட்டணம் ஆண்டுக்கு 30,000 பவுண்டைத் தாண்டும். மாணவர் விசாக் கட்டணம் தனி. தேசிய நலச்சேவைக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, அதுவும் தனி.

யார் 'அயலார்' என்பதும் கவனிக்கத்தக்கது. கட்டண விதிகளில் 'ஹோம்' என்ற சொல் குடியுரிமையைக் குறிப்பதில்லை. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்தும் படிப்புக்கு முந்தைய மூன்றாண்டுகளை நியூ ஜெர்சியில் கழித்த மாணவர் பொதுவாக அயலார் கட்டணமே செலுத்துவார். வீடு என்ற சொல்லை இவ்வளவு துல்லியமாக விலைப்பட்டியலில் பயன்படுத்திய மொழி வேறு உண்டோ?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் 35,000 பவுண்டு, வாழ்க்கைச் செலவு 15,000 என்று வைத்துக்கொண்டால் மூன்றாண்டுக்கு 1,50,000 பவுண்டு. ஏறத்தாழ 2 இலட்சம் டாலர். அமெரிக்காவின் முன்னணித் தனியார் கல்லூரிகள் பலவற்றில் கட்டணமும் தங்குசெலவும் சேர்ந்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டிவிட்டன, நான்காண்டுக்கு 3,60,000. 'பிரிட்டன் மலிவு' என்ற புகழ்பெற்ற முழக்கம் இந்தக் கழித்தலிலிருந்து பிறக்கிறது. கழித்தல் சரிதான். ஆனால் அந்த 3,60,000 டாலரை முழுமையாகச் செலுத்துவோர் யார்? உதவித்தொகைக்கு உரியவரல்லாத அளவுக்கு வருமானம் உள்ளவர்களே. ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்குக் குறைந்த குடும்பத்தின் பிள்ளைக்கு 2025-26 முதல் ஹார்வர்டு படிப்பு, உணவு, தங்கல் எல்லாம் இலவசம். 2,00,000 வரை கல்விக் கட்டணம் இல்லை. அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை ஆக்ஸ்ஃபோர்டு 2 இலட்சம் டாலர், ஹார்வர்டு சுழியம். ஹார்வர்டில் இடம் கிடைப்பது அரிது என்பீர்கள். உண்மை. அப்படியானால் சொந்த மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்: அதன் சராசரிக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 11,000 முதல் 12,000 டாலர். அங்கே ஏழை மாணவர் ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர் வரையிலான பெல் நல்கையைப் பெறலாம். அந்த நல்கை கடலைத் தாண்டாது. பிரிட்டனில் பயிலும் அமெரிக்கர் தம் அரசிடமிருந்து கடன் வாங்கலாம். நல்கை பெற முடியாது. முதலாண்டு மாணவர் தம் பெயரில் பெறக்கூடிய கூட்டாட்சிக் கடன் பொதுவாக 5,500 டாலர். மீதிக்குப் பெற்றோர் கடன்பட வேண்டும். 2025ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பெற்றோர் கடனுக்கும் 2026 ஜூலை முதல் ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு கட்டிவிட்டது.

ஆகவே பிரிட்டன் மலிவாக இருப்பது பணக்காரருக்கு மட்டுமே. ஏழைக்கு அது உலகின் விலையுயர்ந்த கல்விகளுள் ஒன்று. இந்த ஒரு வரியை நம் நண்பர்களின் எந்தப் பதிவிலும் நான் காணவில்லை.

நன்னூலார் வழக்கை இயல்பு வழக்கு என்றும் தகுதி வழக்கு என்றும் பிரித்தார். ஒரு பொருளுக்குரிய இயல்பான சொல்லை விட்டு, வேறொரு சொல்லால் கூறுவதே தகுதி என்று கருதிக் கூறுவது தகுதி வழக்கு. அதன் வகை மூன்று: அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கல், மங்கலமற்றதை மங்கலமாக்கிச் சொல்லும் மங்கலம், ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் அறியும்படி வைத்துக்கொள்ளும் குழூஉக்குறி. சேர்க்கைத் துறையின் சொற்களை இந்த மூன்றில் அடக்கிவிடலாம். முழுக் கட்டணமும் செலுத்தும் மாணவரை அமெரிக்கச் சேர்க்கை அலுவலகங்கள் 'ஃபுல் பே' என்கின்றன, அது குழூஉக்குறி. உள்நாட்டுக் கட்டணத்தின் பற்றாக்குறையை ஈடுகட்ட ஆள் சேர்ப்பதற்குப் பிரிட்டனில் வழங்கும் பெயர் 'பன்னாட்டுமயமாதல்', அது மங்கலம். இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில், விலை என்ற சொல்லை அவையில் உச்சரிக்கக் கூசி அதன் இடத்தில் வைக்கப்படும் சொல்தான் 'தகுதி'. தகுதி வழக்கில் தகுதியே இடக்கரடக்கலாகிவிட்ட விந்தையைப் பவணந்தியார் எதிர்பார்த்திருக்கமாட்டார்.

தகு என்ற அடியிலிருந்து பிறந்த அச்சொல் தனித்து நிற்க முடியாதது என்பதையும் மறந்துவிடுகிறோம். எதற்குத் தகும் என்ற கேள்வியில்லாமல் தகுதி இல்லை. ஆங்கிலத்தின் 'மெரிட்' என்பதற்கு ஈடாக அதை ஆளத் தொடங்கியபின் அந்தக் கேள்வி உதிர்ந்துவிட்டது.

அமெரிக்கர் பிரிட்டனில் படிப்பது புதிதன்று. 1902இல் இறந்த செசில் ரோட்ஸின் உயில் வழியாகவும், மார்ஷல் திட்டத்துக்கு நன்றியாக 1953இல் பிரிட்டிஷ் அரசு நிறுவிய மார்ஷல் நல்கை வழியாகவும் தலைமுறை தலைமுறையாக அமெரிக்கப் பட்டதாரிகள் அங்கே போயிருக்கிறார்கள். ரோட்ஸின் செல்வம் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கறுப்பின உழைப்பைப் பிழிந்து திரட்டப்பட்டது. அந்தக் கறையை நான் துடைக்க வரவில்லை. ஆனால் அந்த வழிகளில் மாணவரின் செலவை வேறொருவர் ஏற்றார். இன்று விண்ணப்பிக்கும் பதினேழு வயதுப் பிள்ளைகளில் மிகச் சிலருக்கே அப்படி ஒரு கொடையாளர் உண்டு. தேர்ந்தெடுத்து அழைத்துவந்த நாடு, இப்போது கட்டணச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறது.

இதில் பிரிட்டிஷ் ஆசிரியர்களைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை, அவர்களும் சிக்குண்டவர்களே. உள்நாட்டுக் கட்டணம் விலைவாசிக்கு ஏற்ப உயராத ஆண்டுகளில் அயலார் கட்டணம்தான் வரவுசெலவைத் தாங்கியது. அயலார் வரத்து குறைந்ததும் இடி துறைகளின்மேல் விழுகிறது. கார்டிஃப் பல்கலைக்கழகம் 2025 ஜனவரியில் 400 பணியிடங்களைக் குறைக்க முன்மொழிந்தது. நவீன மொழிகள், இசை, தொல்வரலாறு ஆகிய துறைகளும் அம்முன்மொழிவில் இருந்தன. மொழித்துறையை மூடலாமா என்று கூட்டம் போடும் பல்கலைக்கழகங்கள் சந்தை பிடிக்க அட்லாண்டிக்கைக் கடந்து முகவர்களை அனுப்புகின்றன. ஸ்காட்லாந்தில் உள்ளூர் மாணவருக்குக் கல்வி இலவசம். அதற்கான இடங்களின் எண்ணிக்கையை அரசு வரையறுத்துவைத்திருக்கிறது. அயலாருக்கு அவ்வரையறை இல்லை. மருத்துவம் மட்டும் விலக்கு: இங்கிலாந்தின் மருத்துவ இடங்களில் அயலாருக்கு ஏறத்தாழ 7.5 விழுக்காடுதான். (அரசுப் பள்ளி மாணவருக்கான உள்ஒதுக்கீட்டால் தமிழ்நாட்டில் இந்த எண் வேறுவிதமாகப் பழக்கமானது.) தன் குடிமக்களுக்கு வேண்டிய மருத்துவர் என்றதும் அங்கும் ஒதுக்கீடுதான் வருகிறது; சந்தை வாயிலில் நிறுத்தப்படுகிறது.

ஒரு மறுப்பை மட்டும் மதிப்போடு எதிர்கொள்ள வேண்டும். இது கட்டணக் கணக்கல்ல, அரசியல் மூச்சுத்திணறல் என்கிறார்கள் சிலர். 2025இல் அமெரிக்க அரசு ஹார்வர்டின் ஆய்வு நிதியை முடக்கியது. அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் அதன் உரிமையையே பறிக்க முயன்றது. போராடிய மாணவரின் விசாக்கள் நீக்கப்பட்டன. இதைப் பார்த்து வேறு நாட்டில் படிக்க விரும்பும் பிள்ளையின் அச்சம் போலியன்று. ஆனால் அந்த அச்சம் எல்லா வருமானப் பிரிவினருக்கும் பொது. வெளியேறும் கதவு மட்டும் சிலருக்குத்தான் திறக்கிறது. கதவைத் திறந்துவைத்திருக்கும் நாடும் தாராளம் காட்டவில்லை. 2025 மே மாதத்துக் குடிவரவு வெள்ளை அறிக்கை, படிப்புக்குப் பின் தங்கிப் பணியாற்றும் காலத்தை இரண்டாண்டிலிருந்து 18 மாதமாகக் குறைக்க முன்மொழிந்தது. அயல்நாட்டு மாணவர் கட்டணத்தின்மேல் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வரி விதிக்கும் எண்ணத்தையும் அறிவித்தது. அந்த வரியை இறுதியில் யார் செலுத்துவார் என்று பொருளியல் நண்பர்கள் விளக்கட்டும்.

இனி டெல்லிக்கு வருகிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்கு 2022இல் பொது நுழைவுத்தேர்வு கொண்டுவரப்பட்டபோதும், மருத்துவ நுழைவுத்தேர்வு குறித்த ஒவ்வொரு விவாதத்திலும், 'வளர்ந்த நாடுகளைப் பாருங்கள்' என்ற வாக்கியம் தவறாமல் வருகிறது. வளர்ந்த நாடு ஒன்றைத்தான் இவ்வளவு நேரம் பார்த்தோம். பிரிட்டனில் நாடு முழுமைக்குமான ஒற்றை நுழைவுத்தேர்வு கிடையாது. பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண், ஆசிரியரின் பரிந்துரை, மாணவரின் தன்விளக்கம், சில பாடங்களுக்கு மட்டும் தனித்தேர்வு, சில இடங்களில் நேர்காணல், எளியோருக்குச் சூழல்சார் தளர்வு: இவ்வளவும் சேர்ந்த கலவை அது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைத் தரவரிசையில் கணக்கிலேயே கொள்ளாத நம் தேர்வுகளுக்கு அதை எப்படிச் சான்றாக்குகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை கையெட்டும் தொலைவில் இருக்கிறது. நீட் வந்தபின் தமிழ்வழி மாணவர், ஊரக மாணவர், குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர் ஆகியோரின் பங்கு எப்படிச் சரிந்தது, மறுமுறை எழுதி இடம் பெற்றோரின் பங்கு எப்படிப் பெருகியது என்று அதில் அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றில் பிழை இருந்தால் காட்டுங்கள். எதிர்த்தரவு இருந்தால் வையுங்கள். கனெக்டிகட்டின் தனியார் பள்ளியில் ஐந்து ஏபி முடித்து செயின்ட் ஆண்ட்ரூஸ் போகும் பிள்ளையை நம் ஒற்றைத் தேர்வுக்குச் சாட்சியாக அழைப்பதை மட்டும் நிறுத்துங்கள். நம் தரவுகளை வைத்து வாதிட யார் வந்தாலும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.